வெயிலைக் குவித்தவர்கள்

பூமியின் காற்றுமண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேர்முகமாகப் பார்க்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 1,361 வாட் அளவுக்கு ஒளி விழுகிறது. அந்த ஒளிக்கு விலையில்லை. அதை மின்சாரமாக்கும் மின்கலத்துக்குத்தான் விலை. விண்வெளித் தரத்தில் செய்யப்படும் மின்கலம், வீட்டுக் கூரைமேல் பதிக்கும் மின்கலத்தைவிடப் பல மடங்கு விலை கூடியது. அப்படியானால் ஒளியை ஆடியாலோ வில்லையாலோ அகலமாகப் பிடித்துச் சிறிய மின்கலத்தின்மேல் குவித்துவிட்டால் செலவு குறையுமே என்ற யோசனை, விண்கலங்களுக்கு மின்சாரம் வகுத்த பொறியாளர்களிடம் தலைமுறைக்கு ஒருமுறை தவறாமல் எழுந்திருக்கிறது. எழுந்த ஒவ்வொரு முறையும் கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் இன்று பூமியைச் சுற்றிவரும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஒளியைக் குவிக்காத தட்டைத் தகடுகளைத்தான் விரித்துவைத்திருக்கின்றன. மின்கலங்களின் செயல்திறன் உயர்ந்துவிட்டது, அதனால் குவிக்கவேண்டிய தேவை போய்விட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதிக் காரணம்தான். இந்தத் தொழிலின் வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் மற்றொரு பாதி தெரிகிறது. வடிவமைத்தவர்கள் மிச்சமாகும் மின்கலப் பரப்பை நுணுக்கமாகக் கணக்கிட்டார்கள். தட்டைத் தகடு கேட்காமலே கொடுத்துவந்த பிழைபொறுக்கும் குணத்தை மட்டும் குறைத்து மதிப்பிட்டார்கள்.

விண்வெளியில் ஒளியைக் குவிக்கும் எண்ணம் சூரிய மின்கலத்தைவிட மூத்தது. ஹெர்மன் நோர்டுங் என்ற புனைபெயரில் எழுதிய பொறியாளர் ஹெர்மன் பொட்டோச்னிக் 1920களின் இறுதியில் வெளியிட்ட நூலில் ஒரு சுழலும் விண்வெளி நிலையத்தை வரைந்தார். அதன் மின்சாரம் பெரிய குழியாடி குவிக்கும் வெயிலின் வெப்பத்திலிருந்து வருவதாகத் திட்டம். 1952இல் வெர்னர் ஃபான் பிரவுன் அமெரிக்காவின் ‘கோலியர்ஸ்’ இதழில் விவரித்த சக்கர வடிவ நிலையமும் அப்படித்தான்: வளைந்த ஆடித் தொட்டி ஒன்று குழாயில் ஓடும் பாதரசத்தைக் கொதிக்கவைக்கும், அதன் ஆவி மின்னாக்கியைச் சுழற்றும். அன்றைக்கு அதைவிட்டால் வேறு வழி தெரியவில்லை. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1954இல் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சிலிக்கான் மின்கலத்தை உருவாக்கினார்கள். வெயிலில் 6 சதவீதத்தை அது மின்சாரமாக்கியது. அமெரிக்கத் தரைப்படையின் தகவல்தொடர்புப் பிரிவில் இருந்த ஹான்ஸ் சீக்லர் அதைச் செயற்கைக்கோளில் பொருத்தியே ஆகவேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாத வேன்கார்டு-1இல் இரண்டு ஒலிபரப்பிகள் இருந்தன. பேட்டரியில் இயங்கியது சில மாதங்களில் ஓய்ந்தது. சூரிய மின்கலத்தில் இயங்கியது 1964 வரை பேசியது.

அந்த ஆறு ஆண்டுகளில் எளிதாகத் தவறவிடக்கூடிய ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. வேன்கார்டு ஒரு சிறு உருண்டை. தன்னைச் சூரியன் பக்கம் திருப்பிக்கொள்ள அதற்கு வழியே கிடையாது. மின்கலங்களை உடம்பைச் சுற்றிப் பல பக்கங்களிலும் ஒட்டியிருந்ததால், அது எப்படி உருண்டாலும் ஏதாவது ஒரு பக்கம் வெயில் பட்டது. தட்டை மின்கலத்தின் இயல்பே அதுதான். வெயில் 30 டிகிரி சாய்ந்து விழுந்தால் கிடைக்கும் மின்சாரம் 13 சதவீதம்தான் குறையும். 60 டிகிரி சாய்ந்தாலும் பாதி கிடைக்கும். குவிப்பியின் கதை வேறு. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனின் அகலம் வானத்தில் அரை டிகிரி. எத்தனை மடங்கு குவிக்கிறோமோ அதற்கேற்ப, குவிப்பி ஏற்றுக்கொள்ளும் கோணம் சுருங்கியாகவேண்டும்; எந்த வடிவமைப்பாளரின் கெட்டிக்காரத்தனத்தாலும் தாண்ட முடியாத இயற்பியல் வரம்பு அது. நூறு மடங்கு குவிக்கும் கருவியை ஓரிரு டிகிரி திருப்பினால், ஒளிப்புள்ளி மின்கலத்தைவிட்டு நகர்ந்து பக்கத்துச் சட்டத்தின்மேல் விழுந்துவிடும். மின்சாரம் பாதியாவதில்லை, அற்றுப்போகிறது.

ஆனாலும் 1960களின் தொடக்கத்தில் மின்கலங்கள் பலவீனமாகவும் அருமையாகவும் இருந்தன. சில கிலோவாட் வேண்டுமென்றால் ஆடியும் வெப்ப எந்திரமும்தான் வழி என்று நாசா நம்பியது. டிஆர்டபிள்யூ நிறுவனத்தோடு சேர்ந்து ‘சன்ஃபிளவர்’ என்ற திட்டத்தை எடுத்தது. ஏறத்தாழ 10 மீட்டர் அகலத்தில் இதழிதழாக விரியும் ஆடி, பாதரச ஆவியில் சுழலும் எந்திரம், 3 கிலோவாட் மின்சாரம். அது பறக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து அதே யோசனை பெரிய அளவில் திரும்பி வந்தது. ஃப்ரீடம் விண்வெளி நிலையத்துக்கு 1986இல் தீர்மானித்த 75 கிலோவாட்டில் 50 கிலோவாட்டை ஆடியும் வெப்ப எந்திரமும் தருவதாக இருந்தது. அதற்கான நியாயம் வலுவானது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் மெல்லிய காற்று இன்னும் மிச்சமிருக்கிறது. பெரிய தட்டைத் தகடுகள் அந்தக் காற்றில் இழுபடும், இழுபட்ட உயரத்தை மீட்க ஆண்டுதோறும் எரிபொருள் அனுப்பவேண்டும். குவிப்பி பரப்பில் சிறியது. நிழலில் கடக்கும் அரைமணி நேரத்துக்கும் பேட்டரி தேவையில்லை. உருகிய ஃபுளோரைடு உப்பில் வெப்பத்தைச் சேமித்துக்கொள்ளலாம். பணம் சுருங்கியபோது முதலில் வெட்டப்பட்டது இந்தப் பகுதிதான். 1994 இறுதியில் கிளீவ்லாந்தில் உள்ள நாசாவின் லூயிஸ் மையத்தில், பெரிய வெற்றிடத் தொட்டிக்குள் 2 கிலோவாட் மாதிரி ஒன்று முழு அமைப்பாக ஓடிக் காட்டியது. மிர் நிலையத்தில் பொருத்திப் பார்க்கும் திட்டம் 1996இல் கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு இறுதியில் இன்றைய பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் விரிந்த முதல் பெரிய இறக்கைகள் சாதாரணச் சிலிக்கான் தகடுகள். எட்டு இறக்கைகளிலும் சேர்த்து 2,62,400 மின்கலங்கள்.

இது வெறும் பட்ஜெட் வெட்டு, தொழில்நுட்பத்தின் மீதான தீர்ப்பல்ல என்று வாதிடலாம். ஓரளவு அது உண்மை. ஆனால் எதை வெட்டுவது என்று நிர்வாகம் தேர்ந்தெடுக்கும்போது, தவறினால் எவ்வளவு போகும் என்ற கேள்வியும் சேர்ந்தே எடைபோடப்படுகிறது. இரண்டரை லட்சம் மின்கலங்களில் சில நூறு செத்தாலும் நிலையம் அதை உணராது. ஒரு ஆடி, ஒரு கொதிகலன், ஒரு சுழலி என்ற அமைப்பில் எந்த ஒன்று நின்றாலும் அந்தக் கிளை முழுவதும் நின்றுபோகும்.

வெப்ப எந்திரத்தை விட்டுவிட்டு, மின்கலத்தின்மேலேயே ஒளியைக் குவிக்கும் பாதை 1980களில் வேகம் பிடித்தது. அதற்குப் பின்னால் பாதுகாப்புத் துறையின் பணம் இருந்தது. ஆடிக்கும் வில்லைக்கும் அடியில் ஒளிந்திருக்கும் சிறு மின்கலத்தைப் பகைவரின் லேசரிலிருந்து காப்பது எளிது. கதிர்வீச்சுக்கும் அதே நியாயம் பொருந்தும்: மின்கலம் சிறியதானால் அதன்மேல் தடித்த கண்ணாடி போட்டாலும் எடை ஏறாது. காலியம் ஆர்சனைடு மின்கலங்கள் அப்போது வந்துகொண்டிருந்தன. அவை சிலிக்கானைவிடத் திறமானவை, விலையிலும் மிகுந்தவை. மின்கலத்தின் செயல்திறன் உயர்ந்ததால் குவிப்பி செத்தது என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறவேண்டியிருக்கும். அந்த உயர்வுதான் குவிப்பிக்குப் புத்துயிர் கொடுத்தது. மின்கலம் விலையேற ஏற, அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நியாயமும் கூடவே ஏறியது.

அந்த அலையின் மிகச் சிறந்த விளைவு ‘ஸ்கார்லெட்’ என்ற குவிப்புத் தகடு. அதன் உயிர் வில்லையில் இருந்தது. ஆடியில் ஒரு சிறு வளைவுப் பிழை இருந்தால், திரும்பும் கதிர் அதைப்போல இரண்டு மடங்கு விலகும். என்டெக் நிறுவனத்தின் மார்க் ஓ’நீல் வடிவமைத்த வளைந்த ஃபிரெனல் வில்லையில், கதிர் நுழையும்போதும் வெளியேறும்போதும் சம அளவில் வளைகிறது. பரப்பு சற்றுக் கோணினால், ஒரு பக்கம் நேரும் பிழையை மறுபக்கம் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. மெல்லிய, விண்வெளியின் வெப்பத்திலும் குளிரிலும் நெளியக்கூடிய பொருளால் ஒளியியல் கருவி செய்யவேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அமையாது. 1994இல் ஏவப்பட்ட ஏபெக்ஸ் செயற்கைக்கோள் கதிர்வீச்சுப் பட்டைகளின் ஊடாகப் பறந்து பலவகைத் தகடுகளைச் சோதித்தபோது, இதே மரபில் வந்த சிறு குவிமாட வில்லைகளும் அவற்றுள் இருந்தன. அவை நன்றாகவே தாங்கின. முதல் ஸ்கார்லெட் இறக்கையைச் சுமந்த மீட்டியோர் செயற்கைக்கோள் 1995 அக்டோபரில் கானஸ்டோகா ஏவூர்தி சிதறியதால் அழிந்தது. இரண்டாவது வாய்ப்பு நாசாவின் டீப் ஸ்பேஸ்-1 விண்கலம். 1998 அக்டோபர் 24 அன்று அது கிளம்பியபோது அதன் இரு இறக்கைகளிலும் 720 வில்லைகள் இருந்தன. அவற்றின் கீழே வரிசை வரிசையாக 3,600 மின்கலங்கள். தகட்டின் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் மின்கலம். பூமியின் தொலைவில் 2.5 கிலோவாட் கிடைக்கும் என்று கணித்தார்கள். விண்ணில் அளந்தபோது கணிப்புக்கு மிக அருகில் வந்தது. அந்த மின்சாரத்தில் அயனி எந்திரம் 678 நாள் அளவுக்கு இயங்கி, கலத்தை பிரெய்ல் சிறுகோளுக்கும் 2001 செப்டம்பரில் போரெல்லி வால்விண்மீனுக்கும் கொண்டுசென்றது. பொறியியலில் இவ்வளவு தெளிவான வெற்றி அடிக்கடி வாய்ப்பதில்லை.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான சான்று இதுதான். ஸ்கார்லெட் கணிப்பை எட்டியது மட்டுமல்ல, ஒரு கடும் சோதனையிலும் தப்பியது. 1999 நவம்பரில் டீப் ஸ்பேஸ்-1இன் விண்மீன் காட்டி பழுதானது. கலம் தன் நிலையை அறியும் முக்கியக் கண்ணை இழந்தது. ஒரு அச்சில் ஓரிரு டிகிரிக்குள் சூரியனை நோக்கியே ஆகவேண்டிய தகடுகளுக்கு அதுவே முடிவாகியிருக்கலாம். ஆனால் தனியாக இருந்த சூரிய உணர்கருவி வேலை செய்தது. தகடுகள் சூரியனைப் பார்த்தபடியே நிற்க, தரையிலிருந்த குழு அறிவியல் கேமராவையே விண்மீன் காட்டியாக மாற்றும் மென்பொருளை எழுதி 2000 நடுவில் கலத்தை மீட்டது. குவிப்பி தாக்குப்பிடிக்கும் என்பதற்கு இது சான்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது தாக்குப்பிடிக்கவைத்தது என்றும் பார்க்கவேண்டும்: பழுதானது விண்மீனைப் பார்க்கும் கண், சூரியனைப் பார்க்கும் கண் அல்ல. டீப் ஸ்பேஸ்-1 கிளம்பிய அதே 1998இல் நடந்த வேறொரு மீட்பை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சோஹோ ஆய்வுக்கலம் ஜூனில் கட்டுப்பாடிழந்து மெல்லச் சுழன்றபடி, தகடுகளின் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு மௌனமானது. வாரங்கள் நகர, கலம் சூரியனைச் சுற்றிச் சென்ற பாதையால் கோணம் மாறியது. சாய்ந்த வெயில் தட்டைத் தகடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விழத் தொடங்கியது. ஆகஸ்ட் 3 அன்று அதன் சமிக்ஞை மறுபடி கேட்டது. அங்கே குவிப்புத் தகடு இருந்திருந்தால், அந்தச் சாய்வெயிலில் ஒரு மின்கலமும் உயிர் பெற்றிருக்காது.

டீப் ஸ்பேஸ்-1 புதுத் தொழில்நுட்பங்களைச் சோதிக்கவே அனுப்பப்பட்ட கலம். அது நிரூபித்த அயனி எந்திரத்தை டான் ஆய்வுக்கலம் எடுத்துக்கொண்டது. 2007இல் கிளம்பி வெஸ்டாவையும் சீரிஸையும் சுற்றிவந்தது. ஆனால் டானின் தகடுகள் தட்டையானவை. பூமியின் தொலைவில் 10 கிலோவாட்டுக்கு மேல் கொடுக்கும், ஏறத்தாழ 20 மீட்டர் அகல இறக்கைகள். முன்னோடியிடமிருந்து ஒரு சொத்தைப் பெற்றுக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்ட இந்தத் தேர்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்கார்லெட் தோற்றிருந்தால் அது இயல்பான முடிவு. வென்ற பிறகும் விடப்பட்டது என்றால், அதன் வெற்றி எந்தக் கேள்விக்குப் பதிலோ அந்தக் கேள்வியை டானை வடிவமைத்தவர்கள் கேட்கவில்லை என்றே பொருள்.

வணிக உலகம் அந்தக் கேள்வியைக் கேட்டது, பதிலுக்கு விலையும் கொடுத்தது. ஹியூஸ் நிறுவனம் வடிவமைத்து, 2000இல் போயிங் கைக்கு வந்த 702 ரகச் செயற்கைக்கோள்கள் 1999 டிசம்பரில் கேலக்சி-11 உடன் பறக்கத் தொடங்கின. இவற்றின் நீண்ட இறக்கைகளின் இரு பக்கங்களிலும் சாய்வாக ஆடிப் பலகைகள் விரிந்து, ஆழமில்லாத தொட்டி போன்ற அமைப்பை உண்டாக்கின. வில்லை இல்லை, கூர்மையான குவியம் இல்லை. ஆடியில் பட்ட ஒளி கூடுதலாக மின்கலத்தில் விழும், அவ்வளவே. குவிப்பு இரு மடங்குக்கும் உட்பட்டது என்பதால் கோணத்தில் தாராளம் இருந்தது. இறக்கை நாளுக்கு ஒருமுறை சுழன்று சூரியனைப் பின்தொடரும். ஆண்டு முழுவதும் சூரியன் வடக்கும் தெற்குமாக நகரும் 23.5 டிகிரி சாய்வோ தொட்டியின் நீளவாக்கிலேயே விழும். திசை பற்றிய கவலைக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான விடை காண்பது கடினம். ஆனால் 15 ஆண்டு உழைக்கவேண்டிய கலங்களின் மின்சாரம் கணித்ததைவிட வேகமாகச் சரிந்தது. ஆடிகள் மங்கிவிட்டன. கேலக்சி-11, துராயா-1, அனிக் எஃப்1, பிஏஎஸ்-1ஆர், எக்ஸ்எம் வானொலியின் இரண்டு கலங்கள் என முதல் ஆறும் இந்தக் குறைக்கு உள்ளாயின. காப்பீட்டு நிறுவனங்களோடு இழுபறி வந்தது. எக்ஸ்எம் 2005லும் 2006லும் புதிய கலங்களை ஏவவேண்டியிருந்தது. கனடாவின் அனிக் எஃப்1க்கும் 2005இலேயே மாற்றுக் கலம் போனது. அடுத்து வந்த 702கள் ஆடிகளைக் கைவிட்டுத் தட்டைத் தகடுகளுக்குத் திரும்பின.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. கலத்தின் பசைகளும் பிளாஸ்டிக்குகளும் வெற்றிடத்தில் கசியவிடும் ஆவி எந்தப் பரப்பிலும் படியும். புற ஊதாக் கதிர் அதை இறுக்கிக் கருக்கவைக்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் தட்டைத் தகடுகளும் கதிர்வீச்சுக் கணிப்பைவிட வேகமாக வலுவிழந்தன, அங்கும் சந்தேகம் இந்தப் படிவின் மீதுதான். அப்படியிருக்க, பொருள்தேர்வில் நேர்ந்த குறையைக் குவிப்பு என்ற தத்துவத்தின் தலையில் கட்டலாமா? படிவு குவிப்பியின் குற்றமல்ல. ஆனால் அதே படிவு தட்டைத் தகட்டில் செய்யும் கெடுதலும் ஆடித் தொட்டியில் செய்யும் கெடுதலும் ஒன்றல்ல. ஆடியில் படும் கதிர் அந்தப் படலத்தை உள்ளே போகும்போது ஒருமுறையும் வெளியே வரும்போது ஒருமுறையும் கடக்கிறது. சாய்வாகக் கடப்பதால் பாதை நீளம். பிறகு மின்கலத்தின் மேலுள்ள படலத்தையும் கடக்கவேண்டும். ஆடிகள் சீராக மங்குவதும் இல்லை. தகட்டில் மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. வரிசையில் மிகக் குறைவான ஒளி பெறும் மின்கலம்தான் அந்த வரிசையின் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஓரிடத்து மங்கல் வரிசை முழுவதையும் கீழே இழுக்கிறது. 702இன் வடிவமைப்பாளர்கள் கோணத்துக்குத் தாராளம் விட்டார்கள்; தூய்மைக்கு விடவில்லை. முதல் நாளின் கணக்கு சரியாக இருந்தது. வாங்கியவர் காசு கொடுத்ததோ பதினைந்தாவது ஆண்டின் மின்சாரத்துக்கு.

மின்கலம் மேம்பட்டது பற்றிய வாதத்துக்கு இப்போது வரலாம். மூவடுக்கு மின்கலங்கள் 30 சதவீதத்தை நெருங்கியதும், தட்டைத் தகடே தேவையான மின்சாரத்தைக் கொடுத்தது என்பது உண்மை. குவிப்பியும் அதே மின்கலத்தைத்தான் பயன்படுத்த முடியும். அதன் ஒப்பீட்டு ஆதாயம் அப்படியே இருக்கும். செயல்திறன் உயர்வு குவிப்பியின் ஆதாயத்தை அழிக்கவில்லை. அந்த ஆதாயத்துக்காகத் துணியவேண்டிய அவசியத்தைத்தான் குறைத்தது. துணிவுக்கு என்ன விலை என்று 702 ஏற்கெனவே காட்டியிருந்ததால், வாங்குபவர்கள் கூடுதல் மின்கலங்களுக்குப் பணம் கொடுக்கத் தயங்கவில்லை.

ஒரு துறையில் மட்டும் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. வியாழனின் தொலைவில் வெயில் பூமியில் உள்ளதில் 27இல் ஒரு பங்குதான். ஜூனோ ஆய்வுக்கலம் 2011இல் மூன்று இறக்கைகளில் ஏறத்தாழ 18,700 மின்கலங்களோடு கிளம்பியது. பூமியருகே 14 கிலோவாட் தரக்கூடிய அந்தத் தகடுகள் வியாழனில் 500 வாட் அளவுக்கே கொடுத்தன. 2023இல் கிளம்பிய ஜூஸும் 2024இல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பரும் அதே வழியில் தட்டைத் தகடுகளைப் பெரிதாக்கின. ஆனால் மங்கிய வெளிச்சமும் கடுங்குளிரும் சேரும்போது சில மின்கலங்கள் கணித்ததைவிட மோசமாக வேலை செய்யும். அங்கே ஒளியைக் குவிப்பது பரப்பை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமல்ல, மின்கலத்தை அது நன்றாக இயங்கும் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் திருப்பிக் கொண்டுவருவதற்காகவும்தான். 2021 நவம்பரில் ஏவப்பட்ட டார்ட் விண்கலம், தன் சுருள் தகடுகளின் சிறு பகுதியில் எதிரொளிக்கும் குவிப்பிகளைப் பொருத்திப் பறந்ததற்கு இந்த நோக்கமே பின்னணி. சனியின் தொலைவுக்குப் போனால் வெயில் 90இல் ஒரு பங்காகிறது. சதுர மீட்டருக்கு 15 வாட் ஒளி, அதில் மின்சாரமாவது நாலரை வாட். 300 வாட் வேண்டுமென்றாலே இழப்புகளைச் சேர்க்காமல் 65 சதுர மீட்டருக்கு மேல் மின்கலம் வேண்டும். அங்கிருந்து பார்த்தால் சூரியனின் அகலம் பூமியில் தெரிவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கதிர்கள் அவ்வளவு இணையாக வருவதால், கோணப் பிழைக்கு அதே இடத்தை விட்டுவைத்துக்கொண்டே, கலங்கலில்லாத குவியத்தைப் பெறலாம். ஆனால் கலம் அங்கே சேர ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். சனிக்குக் குவிப்பி வரைபவர், பயணம் முழுவதும் கலத்தின் சொந்த ஆவியில் நனைந்த பிறகு அந்த ஆடி என்ன ஒளியைத் திருப்பும் என்பதை வெற்றிடத் தொட்டியில் அளந்து, அந்த எண்ணை வைத்துத் தன் முதல் வரியை எழுதவேண்டியிருக்கும்.